விஸ்கி பாட்டிலின் விலை எங்கிருந்து பிறக்கிறது?

2023ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் ஒரே ஒரு விஸ்கி பாட்டில் 21 லட்சம் பவுண்டுக்கும் அதிகமான விலைக்குப் போனது. 1926இல் வடிக்கப்பட்டு, ஷெர்ரி ஒயினால் பதப்படுத்தப்பட்ட 263ஆம் எண் பீப்பாயில் 60 ஆண்டுகள் கிடந்து, 1986இல் பாட்டிலில் அடைக்கப்பட்ட, ஸ்காட்லாந்தின் மெக்காலன் வடிசாலையின் விஸ்கி அது. அந்தப் பீப்பாயிலிருந்து கிடைத்தவை மொத்தம் 40 பாட்டில்கள். அவற்றில் 12 பாட்டில்களுக்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமியும், வேறு 12 பாட்டில்களுக்கு பிரிட்டிஷ் ஓவியர் பீட்டர் பிளேக்கும் லேபிள் வடிவமைத்தார்கள். ஒரு பாட்டிலின் மீது அயர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டில்லன் நேரடியாகக் கையால் ஓவியம் தீட்டினார். டில்லன் தீட்டிய பாட்டில் 2018இல் 12 லட்சம் பவுண்டுக்கும், அதே பீப்பாயின் இன்னொரு பாட்டில் 2019இல் ஏறத்தாழ 14.5 லட்சம் பவுண்டுக்கும் விற்றன. 2023இல் விற்ற பாட்டில், அடாமி லேபிள் கொண்டது, அந்த விலைகளையும் தாண்டியது.

இப்படிப்பட்ட செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும், நல்ல விஸ்கியாகப் பார்த்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் காலமே அதைப் பணமாக்கிக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை புதிதாகச் சிலரைப் பற்றிக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருப்பது விஸ்கியைப் பற்றிய ஒரு தவறான புரிதல். அதை முதலில் களைந்துவிட்டால், எந்தப் பாட்டில் விலை ஏறும், எது ஏறாது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும் என்பது என் எண்ணம்.

விஸ்கி பாட்டிலுக்குள் முதிர்வதில்லை. அது முதிர்வது ஓக் மரப் பீப்பாய்க்குள்தான். மரத்திலிருந்து நிறமும் வெனிலா போன்ற மணமும் மதுவுக்குள் இறங்குகின்றன. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே புகுந்து கடுமையைத் தணிக்கிறது. அதே துளைகள் வழியே ஸ்காட்லாந்தின் குளிர்ந்த கிடங்குகளில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு மது ஆவியாகி வெளியேறுகிறது. தேவதைகளின் பங்கு என்று தொழிலில் இருப்பவர்கள் அந்த இழப்பைச் சொல்வார்கள். ஸ்காட்ச் என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும், பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கண்ணாடிக்குள் போன நொடியில் இந்த மாற்றங்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன. ஒயினில் ஆல்கஹால் குறைவு என்பதால் அது பாட்டிலுக்குள்ளும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். பல ஒயின்களை வைத்திருந்து குடிப்பதற்குக் காரணம் அதுதான். விஸ்கிக்கு அந்த இயல்பு இல்லை. 1990இல் அடைக்கப்பட்ட 12 ஆண்டு விஸ்கி, எத்தனை காலம் அலமாரியில் இருந்தாலும் 12 ஆண்டு விஸ்கியாகவே இருக்கும்.

ஆகவே உள்ளே இருக்கும் மது மேம்படுவதால் விலை ஏறுவதில்லை. விலை ஏறுவதற்கு வெளியே இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும்: அதே பாட்டில்கள் உலகில் குறைந்துகொண்டே வர வேண்டும், அவற்றை விரும்புவோர் பெருக வேண்டும். இதில் முதலாவதைத்தான் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் சரியாக யோசிப்பதில்லை. பாட்டில்கள் குறைவதற்கு முக்கிய வழி, யாரோ அவற்றைத் திறந்து குடிப்பது. 1926 மெக்காலனின் 40 பாட்டில்களில் ஒன்று 2011இல் ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் உடைந்துபோனதாகவும், இன்னொன்று திறக்கப்பட்டுக் குடிக்கப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது. தொடக்கத்திலேயே 40தான் இருந்தன என்பதால் அங்கே ஒன்றிரண்டு குறைவதே பெரிய செய்தியாகிறது. சாதாரணப் பாட்டில்களுக்கு அந்தக் குறைவு வர வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்கள் எந்த யோசனையும் இல்லாமல் குடித்துத் தீர்த்திருக்க வேண்டும். இன்று அரிதாக மதிக்கப்படும் பழைய பாட்டில்களில் பெரும்பகுதி, தம் காலத்தில் யாரும் பாதுகாத்து வைக்க நினைக்காதவையே.

இதற்கு ஸ்காட்லாந்தின் 1983ஆம் ஆண்டைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1970களில் தேவை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி வடிசாலைகள் உற்பத்தியைப் பெருக்கின. பொருளாதார மந்தம் வந்தது, மக்களின் ரசனை வோட்கா பக்கம் சாய்ந்தது, விற்காத விஸ்கி கிடங்குகளில் குவிந்தது. அந்தக் குவியலை விஸ்கி ஏரி என்றே அழைத்தார்கள். அப்போதைய பெரும் நிறுவனமான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி 1983இல் பல வடிசாலைகளை ஒரே வீச்சில் மூடியது. ஐலா தீவின் போர்ட் எல்லன், வடக்கு மேட்டுநிலத்தின் ப்ரோரா, இன்வர்னெஸ் நகரத்தின் கிளென் மோர், கிளென் ஆல்பின், லின்லித்கோவின் செயின்ட் மேக்டலின் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. இவை பெரும்பாலும், பல ஆலைகளின் சரக்கைக் கலந்து செய்யும் கலவை விஸ்கிகளுக்கு மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியில் வடித்தது) வழங்கிய ஆலைகள். தம் சொந்தப் பெயரில் சிங்கிள் மால்ட்டாக, அதாவது ஒரே ஆலையின் மால்ட் விஸ்கியாக, அவை அதிகம் வெளிவந்ததே இல்லை. எனவே அவை மூடப்பட்டபோது குடிப்பவர்களில் பலர் கவனிக்கவும் இல்லை.

மிச்சமிருந்த பீப்பாய்கள் கிடங்கில் மெல்ல மூத்துக்கொண்டிருந்தன. சிங்கிள் மால்ட் மீது உலகின் ஆர்வம் திரும்பிய பிறகு, டிஸ்டில்லர்ஸ் கம்பெனியின் வழிவந்த டியாஜியோ நிறுவனம் 2001 முதல் போர்ட் எல்லனையும் 2002 முதல் ப்ரோராவையும் ஆண்டுதோறும் சிறு எண்ணிக்கையில் வெளியிட்டது. காலப்போக்கில் மதுவின் வயது கூடியது, பாட்டில்களின் எண்ணிக்கை குறைந்தது, விலை ஏறியது. தொடக்க வெளியீடுகளை வாங்கியவர்களில் பலர் அவற்றைக் குடிக்கவே வாங்கினார்கள், குடித்தும் விட்டார்கள். அன்று திறக்காமல் வைத்திருந்த சிலரின் கையில் இருப்பதற்கு மதிப்பைக் கொடுத்தவர்கள் அந்தக் குடித்தவர்களே. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்தது. 1935இல் திறக்கப்பட்ட ஸ்டிட்செல்-வெல்லர் வடிசாலை, போர்பன் என்னும் அமெரிக்க விஸ்கியை யாரும் சீந்தாத காலத்தில், 1992இல் வடிப்பதை நிறுத்தியது. பின்னாளில் பாப்பி வான் விங்கிள் என்ற போர்பன் பெயர் அடைந்த புகழ் அந்த ஆலையின் மிச்சச் சரக்கில் வேர் கொண்டது. கடைகளின் பின்கட்டில் விற்காமல் தூசி படிந்து கிடந்த பழைய போர்பன் பாட்டில்களைத் தேடி அலைவதே அமெரிக்காவில் தனியொரு வழக்கமாகிவிட்டது.

ஜப்பானில் இது இன்னும் வேகமாக நடந்தது. அசாமா எரிமலையின் அடிவாரத்தில் 1955இல் தொடங்கிய கருயிசவா வடிசாலை 2000இல் வடிப்பதை நிறுத்தியது. சாய்தாமா மாகாணத்தின் ஹான்யு வடிசாலையும் அதே ஆண்டில் நின்றது. ஹான்யுவை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த இச்சிரோ அகுதோ, அழிவுக்குப் போகவிருந்த பீப்பாய்களைக் காப்பாற்றி, 2005 முதல் 2014 வரை சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டையும் லேபிளாக வைத்து 54 வெளியீடுகளைச் செய்தார். தொடக்கத்தில் அவற்றை வாங்கிக் குடித்தவர்களுக்கு, பின்னால் முழுக்கட்டாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று தோன்றுவதற்கான காரணமே இருக்கவில்லை. அதனால்தான் முழுக்கட்டுகள் மிகச் சிலவே மிஞ்சின. ஹாங்காங்கில் பான்ஹாம்ஸ் நடத்திய ஏலங்களில் ஒரு முழுக்கட்டு 2015இல் ஏறத்தாழ 38 லட்சம் ஹாங்காங் டாலருக்கும், 2019இல் ஏறத்தாழ 72 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் விற்றது. கருயிசவாவின் 1960ஆம் ஆண்டுப் பீப்பாய் ஒன்று 52 ஆண்டுகள் கழித்து 41 பாட்டில்களை மட்டுமே தந்தது. அவற்றில் ஒன்று 2020இல் லண்டனில் 3,63,000 பவுண்ட் பெற்றது.

இந்த வரலாறுகளைப் படித்துவிட்டு இன்றைய கடைக்குள் நுழையும் ஒருவர், லேபிளில் அச்சிடப்பட்டிருக்கும் 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்ற சொல்லைப் பார்த்ததும் அதே வாய்ப்பு தமக்கும் கிடைத்திருப்பதாக நினைத்துவிடுகிறார். நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். போர்ட் எல்லன் அரிதானது ஒரு விபத்து. இன்றைய வெளியீட்டின் அரிதான தன்மை திட்டமிட்டு அமைக்கப்பட்டது. வாங்கும் ஒவ்வொருவரும் அதை அறிந்தே வாங்குகிறார், அறிந்ததனாலேயே திறக்காமல் வைக்கிறார். ஐந்தாயிரம் பாட்டில்கள் வெளியாகி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை அலமாரிகளில் முத்திரை உடையாமல் காத்திருக்கும் என்றால், பத்தாண்டுகள் கழிந்தும் அந்த எண்ணிக்கை குறைந்திருக்காது. விலை சற்று ஏறியதும் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க வருவார்கள். 2018 ஆகஸ்டில் மெக்காலன் தன் புதிய வடிசாலையைக் கொண்டாட 2,500 ஜெனிசிஸ் பாட்டில்களை ஒவ்வொன்றும் 495 பவுண்டுக்கு வெளியிட்டபோது, ஆலைக்குச் செல்லும் சாலையில் நூற்றுக்கணக்கான கார்கள் வரிசைகட்டி நின்று போக்குவரத்து முடங்கியது. அந்த வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அன்றிரவு அதைத் திறந்து குடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு வெளியீட்டையும் சொல்ல வேண்டும். ஐலா தீவின் போமோர் வடிசாலை 1964இல் வடித்த விஸ்கியை ஷெர்ரி பீப்பாயில் 29 ஆண்டுகள் வைத்திருந்து, 1993இல் 'பிளாக் போமோர்' என்ற பெயரில் 2,000 பாட்டில்களாக வெளியிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே சரக்கின் வெளியீடுகள் தொடர்ந்தன. அப்போது அதன் விலை நூறு பவுண்டை ஒட்டியே இருந்தது. முதலீடு என்ற பேச்சே அன்று எழவில்லை. வாங்கியவர்கள் சுவைத்தார்கள், வியந்தார்கள், நண்பர்களிடம் சொன்னார்கள், பாட்டில்கள் காலியாயின. இன்று ஏலங்களில் அது பல ஆயிரம் பவுண்டுக்குப் போகிறது. எண்ணிக்கையில் அது ஒன்றும் மிகச் சிறிய வெளியீடு இல்லை. மது உண்மையிலேயே சிறந்ததாக இருந்தது, அதைச் சுவைத்தவர்களின் நினைவு பரவியது, பாட்டில்கள் தீர்ந்தன. இந்த மூன்றும் இந்த வரிசையிலேயே நடந்தன. முதல் இரண்டும் நடக்காமல் மூன்றாவதை மட்டும் நிறுவனமே உண்டாக்கப் பார்க்கும் வெளியீடுகளை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

விருப்பம் என்னும் மறுபாதி இன்னும் பிடிபடாதது. 2014 இறுதியில், பரவலாகப் படிக்கப்படும் ஒரு விஸ்கி வழிகாட்டி நூல் சன்டோரி நிறுவனத்தின் யமசாகி ஷெர்ரி காஸ்க் 2013 வெளியீட்டை உலகின் சிறந்த விஸ்கியாகத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானிய விஸ்கி அதற்கு முன்பும் விருதுகள் பெற்றதுண்டு. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு எழுந்த தேவை முன்பு காணாதது. விஸ்கியை இன்று கேட்டால் இன்று வடித்துக் கொடுக்க முடியாது. 12 ஆண்டு விஸ்கிக்கு 12 ஆண்டுகளுக்கு முன்பே பீப்பாய் நிரப்பியிருக்க வேண்டும். சரக்கு போதாமல் சன்டோரி 2018இல் ஹகுஷு 12 ஆண்டையும் ஹிபிகி 17 ஆண்டையும் நிறுத்துவதாக அறிவித்தது. அந்தச் செய்தியே இரண்டின் விலையையும் உயர்த்தியது. பின்னர், 2021இல், ஹகுஷு 12 குறைந்த அளவில் கடைகளுக்குத் திரும்பியது. நிறுத்தப்பட்டது என்ற அறிவிப்பு மூடப்பட்ட ஆலை அளவுக்கு உறுதியானது அல்ல என்பதைச் சேகரிப்பாளர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வயது, ஆண்டு, ஆலை ஆகிய மூன்றைத் தவிர யார் பாட்டிலில் அடைத்தார்கள் என்பதும் எடை கொள்கிறது. ஆலைகளிடமிருந்து பீப்பாய் வாங்கித் தம் பெயரில் அடைத்து விற்கும் தனி நிறுவனங்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. 1842இல் தொடங்கிய கேடன்ஹெட், 1895இல் எல்ஜினில் தொடங்கிய கோர்டன் அண்ட் மெக்ஃபெய்ல் போன்றவை, ஆலைகளே சேர்த்து வைக்காத பழஞ்சரக்கைப் பாதுகாத்தன. ஒரு பீப்பாயிலிருந்து மட்டும், தண்ணீர் சேர்க்காமல், எண்ணிட்டு அடைக்கப்படும் இவற்றின் பாட்டில்கள் எண்ணிக்கையில் இயல்பாகவே சில நூறைத் தாண்டுவதில்லை. விளம்பரம் குறைவு என்பதால் இவை குடிக்கவும் படுகின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பக்கம் படித்துப் பழக நல்ல இடம் என்று நினைக்கிறேன்.

விலை ஏறிய இடத்துக்குப் போலியும் வந்துவிடும். 2018இல் ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தும் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில், அரிய பழைய விஸ்கி என்று கருதப்பட்ட 55 பாட்டில்கள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 21 போலி என்று தெரியவந்தது. சோதனை முறை எளிய ஒரு தற்செயலை நம்பியிருக்கிறது. 1950களிலும் 1960களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு சட்டென்று உயர்ந்தது. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பார்லியில் அந்த அடையாளம் பதிந்துவிட்டது. ஆகவே, 19ஆம் நூற்றாண்டு என்று லேபிள் சொல்லும் விஸ்கிக்குள் அந்த அடையாளம் இருந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். 2017இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் ஒரு விடுதி, 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்று நம்பி வைத்திருந்த பாட்டிலிலிருந்து 2 சென்டிலிட்டரை 9,999 சுவிஸ் பிராங்குக்கு விற்றது. சோதித்தபோது அது பெரும்பாலும் 1970க்கும் 1972க்கும் இடையில் செய்யப்பட்ட கலவை விஸ்கி என்று தெரிந்தது. விடுதி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதே சோதனை எதிர்த்திசையிலும் உதவியிருக்கிறது. 1860களில் அடைக்கப்பட்டதாகக் கருதப்பட்ட ஓல்ட் இங்கிள்டியூ என்ற அமெரிக்க விஸ்கி பாட்டில், 1763க்கும் 1803க்கும் இடைப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சோதனை சொன்னது. 2021இல் அது 1,37,500 டாலருக்கு விற்றது.

சாதாரணச் சேகரிப்பாளர் எவரும் ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. அவரைக் காப்பது கைமாறிய வரலாறுதான். எந்தக் கடையில், எந்த நாளில் வாங்கியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதற்கு ரசீது இருக்கும் பாட்டிலுக்கும், அத்தகைய சான்று எதுவும் இல்லாத பாட்டிலுக்கும் ஏலத்தில் உள்ள வேறுபாடு பெரிது. அசல் காலிப் பாட்டிலை வாங்கி மலிவு விஸ்கியை நிரப்பி மீண்டும் முத்திரையிடுவது போலியாளர்களின் வழக்கம் என்பதால், அரிய விஸ்கியைக் குடித்து முடித்தவர்கள் காலிப் பாட்டிலை விற்கக் கூடாது. லேபிளைக் கீறிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

பாதுகாப்பில் முதல் விதி, ஒயினுக்குப் பழகியவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும்: விஸ்கி பாட்டிலைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஒயின் பாட்டிலின் தக்கை நனைந்திருக்க வேண்டும். விஸ்கியின் கடுமையான ஆல்கஹாலோ தக்கையை அரித்து, பொடித்து, மதுவின் சுவையையும் கெடுத்துவிடும். வெயில் பட்டால் நிறம் வெளிறும், லேபிளும் மங்கும். வெப்பம் ஏறி இறங்கும் இடத்தில் தக்கை விரிந்து சுருங்கி, மது மெல்ல ஆவியாகும். பழைய பாட்டிலைப் பார்க்கும் வல்லுநரின் கண் முதலில் போவது கழுத்தில் மது நிற்கும் மட்டத்துக்குத்தான். அது தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் விலையும் இறங்கும். பெட்டி, சான்றிதழ், உள்ளிருந்த சிறு கையேடு வரை எதையும் தூக்கிப் போடக் கூடாது.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகும் கணக்கு நினைத்தபடி அமைவதில்லை. ஒரு பாட்டிலை நூறு ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுகள் கழித்து ஏலத்தில் அது 140க்கு முடிகிறது. ஏலத்தில் எடுத்தவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குத் தனியே கட்டணம் கொடுக்கிறார் என்பதால் வெளியே கேள்விப்படும் விலை 160ஐத் தொடும். விற்றவரிடம் பத்து விழுக்காடு கழிவு போய் 126 மிஞ்சும். அனுப்பும் செலவும் காப்பீடும் போனால் 118. ஆறு ஆண்டுகளில் இது ஆண்டுக்கு மூன்று விழுக்காடு கூட இல்லை. இடையில் வட்டியோ ஈவோ எதுவும் வந்திருக்காது. பல நாடுகளில் உரிமம் இல்லாத தனியார் மது விற்பதே குற்றம் என்பதால், வாங்கும் முன்பே விற்கும் வழி சட்டப்படி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம். 2010களில் தொடங்கி 2022 வரை ஏறிய ஏல விலைகள் அதன் பிறகு இறங்கவும் செய்தன. உலகெங்கும் வட்டி விகிதங்கள் உயர்ந்தன, வாங்குவோர் கையை இழுத்துக்கொண்டார்கள், ஏறும் காலத்தில் வாங்கி வைத்தவர்களின் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. 

பணத்தை நினைக்காமல் சேர்த்தவர்களும் உண்டு. பிரேசிலைச் சேர்ந்த கிளைவ் விடிஸ் சுமார் 35 ஆண்டுகளில் 3,384 ஸ்காட்ச் பாட்டில்களைச் சேர்த்தார். 2006இல் டியாஜியோ அதை மொத்தமாக வாங்கியது. 2009 முதல் அது எடின்பரோவில் பொதுமக்களின் பார்வைக்கு இருக்கிறது. விலை உயர்ந்தவையும் மிகச் சாதாரணமானவையும் அதில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. யாரும் வைத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்த மலிவான கலவை விஸ்கிகளின் பழைய லேபிள்களை இன்று அங்கே பார்க்க முடிகிறது.

மூடப்பட்ட ஆலைகளின் கதைக்கும் இப்போது ஒரு புதிய பகுதி சேர்ந்திருக்கிறது. ப்ரோரா 2021இல் மீண்டும் வடிக்கத் தொடங்கியது; 1993இல் மூடப்பட்ட ரோஸ்பேங்க் 2023இலும், போர்ட் எல்லன் 2024இலும் உயிர்பெற்றன. பழைய பாட்டில்களின் விலையில் ஒரு பகுதி, இனி இது வராது என்ற உறுதிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த உறுதி இப்போது முழுமையாக இல்லை. ஆனால் 1983க்கு முந்தைய பார்லியும், அன்றைய ஈஸ்ட்டும், அன்றைய பீப்பாய்களும் திரும்பி வரப்போவதில்லை என்பதால் பழையதும் புதியதும் ஒன்றே என்று சுவைப்பவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பது தெரிய வேண்டும். புதிய போர்ட் எல்லன் 12 வயதை எட்டும் ஆண்டு 2036. அன்று இரண்டு கோப்பைகளையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்க, பழைய பாட்டில் ஒன்றை யாராவது திறந்தாக வேண்டும்.